கேட்டது கிடைக்கவில்லை... கிடைத்தது விண்வெளி!



2025-ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம். ஒரு விடியற்காலை. தூத்துக்குடி கடற்கரையில் நானும் என் பேரனும் நின்றுகொண்டிருந்தோம். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. மீன் பிடிக்கப் போன வள்ளங்களின் விளக்குகள் தூரத்தில் மினுக் மினுக்கென்று தெரிந்தன. முயல் தீவுக் கலங்கரை விளக்கம் ஒளி வீசிக்கொண்டிருந்தது. பேரன் முகத்தில் மட்டும் வெளிச்சமே இல்லை.

"என்னலே, முகம் வாடிப்போயி இருக்கு?" என்று கேட்டேன்.

"நான் கோல் அடிக்கணும்னுதானே ஹாக்கி டீம்ல சேர்ந்தேன், தாத்தா? சார் என்னைக் கோல் கீப்பரா நிக்கச் சொல்லிட்டாங்க. நான் இனிமே போகமாட்டேன்!"

அவன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். மூன்று மாதமாகக் கண்ட கனவு அது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வானத்தைக் காட்டினேன்.

பளிச்சென்று ஒரு புள்ளி. நட்சத்திரம்போல் இருந்தது, ஆனால் கண் சிமிட்டவில்லை. சத்தமே இல்லாமல் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தது.

"விமானமா தாத்தா?"

"இல்லைலே. அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம். 400 கிலோமீட்டர் உயரத்திலே போவுது. அதுக்குள்ளே இப்போ ஏழு பேர் இருக்காங்க. அதிலே ஒரு அம்மா, ஏறக்குறைய எட்டு நாளிலே திரும்பி வரலாம்னு போனவங்க. இப்போ எட்டு மாசம் ஆச்சு!"

"எட்டு மாசமா! அவங்க அழலையா?"

"அவங்க கதையைச் சொல்றேன், கேளு" என்றேன். அவனுக்குச் சொன்ன அந்தக் கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். அவர் பெயர் சுனிதா வில்லியம்ஸ்.

கால்நடை மருத்துவர் ஆசை

சுனிதா 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள யூக்ளிட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில். அப்பா தீபக் பாண்டியா. பாண்டியா என்றதும் நம் கொற்கைப் பாண்டியர் வம்சமோ என்று நினைத்துவிடாதீர்கள்! அது குஜராத்திக் குடும்பப் பெயர். குஜராத்தில் மேசானா மாவட்டத்தில் உள்ள ஜுலாசன் கிராமம்தான் அவரது பூர்வீகம். மூளையின் அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி அவர். அம்மா போனி, ஐரோப்பாவில் உள்ள ஸ்லோவேனியா நாட்டு வம்சாவளி. மூன்று பிள்ளைகளில் சுனிதாதான் கடைக்குட்டி.

சிறுமி சுனிதாவுக்கு விலங்குகள் என்றால் கொள்ளை ஆசை. கால்நடை மருத்துவராக வேண்டும் என்றுதான் கனவு கண்டார். நீச்சலிலும் கெட்டிக்காரி. ஆனால் கல்லூரியில் சேரும் நேரத்தில் நினைத்தபடி நடக்கவில்லை. அப்போது அவருடைய அண்ணன் கடற்படைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். "நீயும் இங்கே முயன்று பார்" என்றார் அண்ணன். சுனிதா சேர்ந்தார். 1987-இல் பட்டம் பெற்று, கடற்படை அதிகாரி ஆனார்.

முதல் ஆசை கைவிட்டுப் போனது. கவனித்துக்கொள்ளுங்கள், இது முதல் முறை!

நீருக்குள் ஆறு மாதம்

படிப்பு முடிந்ததும் ஆறு மாத காலம் கடற்படையின் கடலோர நிலையம் ஒன்றில் பணியாற்றினார் சுனிதா. அங்கே ஆழ்கடலில் மூழ்கும் பயிற்சி பெற்று, 'அடிப்படை முக்குளிப்பு அதிகாரி' என்ற தகுதியை அடைந்தார்.

முக்குளிப்பு என்றால் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டுமா, என்ன? நம் கடலில் பல நூற்றாண்டுகளாக முத்துக்குளித்தார்கள். முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, அதன் கனத்தால் கிடுகிடுவென்று கீழே இறங்குவார் குளிப்பவர். ஒரே மூச்சுதான். அந்த ஒரு மூச்சுக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு, கயிற்றை இழுத்துக் குறிப்புக் காட்டுவார். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவர் உடனே அவரைத் தூக்கிவிடுவார். 1961-க்குப் பிறகு பெரிய அளவில் இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் காட்சிகளை என் அப்பா சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

"குளிக்கிறவனுக்கு மூச்சு பலம் மட்டும் போதாது. மேலே கயிறு பிடிக்கிறவன்மேல நம்பிக்கையும் வேணும்" என்பார் அப்பா. இந்தக் கயிற்றை மறந்துவிடாதீர்கள். கதையில் மறுபடியும் வரும்!

சுனிதாவுக்கும் கடலுக்குள் மூழ்குவது பிடித்துப் போயிற்று. முக்குளிப்பு வீரராகவே பணியாற்ற விரும்பினார். ஆனால் அதில் இடங்கள் மிகக் குறைவு. கிடைக்கவில்லை. இரண்டாவது விருப்பம் என்று எழுதிக் கொடுத்திருந்த விமானப் பிரிவுதான் கிடைத்தது.

இது இரண்டாம் முறை!

ஜெட் இல்லை, ஹெலிகாப்டர்!

சரி, விமானிதான் என்று ஆகிவிட்டது. அப்படியானால் மின்னலாய்ப் பறக்கும் ஜெட் விமானத்தை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் காலத்தில் அமெரிக்கப் படைகளில் பெண்கள் போர் விமானத்தில் சண்டைக்குச் செல்ல அனுமதி கிடையாது. 1993-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதனால் பெண்களுக்கு ஜெட் விமானப் பிரிவில் கிடைத்த இடங்களும் கொஞ்சம்தான். சுனிதாவுக்குக் கிடைத்தது ஹெலிகாப்டர்.

மூன்றாம் முறை!

"இவ்வளவு தடவையா?" என்றான் என் பேரன். ஆமாம், இவ்வளவு தடவை. ஆனால் அவர் பயிற்சியிலிருந்து ஓடிவிடவில்லை. 1989 ஜூலையில் கடற்படை விமானி ஆனார். நடுக்கடலில் நிற்கும் கப்பல்களுக்கு ஹெலிகாப்டரில் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் படைப்பிரிவில் வேலை. ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரை இறக்குவது லேசான காரியமா? மத்தியதரைக் கடல், செங்கடல், பாரசீக வளைகுடா என்று பல கடல்களின்மேல் பறந்தார்.

1992-இல் புளோரிடா மாநிலத்தை 'ஆண்ட்ரூ' என்ற சூறாவளி புரட்டிப் போட்டது. நிவாரணப் பணிக்காக மயாமிக்கு அனுப்பப்பட்ட கடற்படை ஹெலிகாப்டர் குழு ஒன்றுக்குச் சுனிதா பொறுப்பாளராக இருந்தார்.

வெள்ளத்தில் ஹெலிகாப்டரின் அருமை என்னவென்று நமக்கும் தெரியும். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது ஸ்ரீவைகுண்டம் பகுதி தனித்தீவாகிவிட்டது அல்லவா? அப்போது விமானப்படையும் கடற்படையும் ஹெலிகாப்டரில் வந்துதானே உணவுப் பொட்டலங்களைப் போட்டன! ஜெட் விமானம் அந்தரத்தில் நின்று சோறு போட முடியுமா?

நிலாவில் இறங்கியவர் சொன்னது

1993-இல் கடற்படையின் சோதனை விமானிகள் பள்ளியில் சுனிதாவுக்கு இடம் கிடைத்தது. புதிய விமானங்களை முதலில் ஓட்டிப் பார்த்து, குறை நிறைகளைச் சொல்பவர்களே சோதனை விமானிகள். நுணுக்கமான வேலை, ஆபத்தான வேலையும்கூட.

அந்தப் பயிற்சியின்போது, ஹூஸ்டன் நகரில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தைப் பார்க்க இவர்களை அழைத்துச் சென்றார்கள். அங்கே பேசியவர் ஜான் யங். 1972-இல் அப்பல்லோ 16 பயணத்தில் நிலாவில் நடந்தவர். அவரும் கடற்படை விமானிதான்! நிலாவில் இறங்கும் கலத்தை ஓட்டுவதற்காகத் தாம் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேச்சினிடையே சொன்னார்.

ஏன் ஹெலிகாப்டர்? நிலாவில் ஓடுபாதை கிடையாது. காற்றும் கிடையாது, அதனால் இறக்கை பயன்படாது. நின்ற இடத்தில் மிதந்து, நேராகக் கீழே இறங்க வேண்டும். பூமியில் அதற்கு நெருக்கமான பயிற்சி தருவது ஹெலிகாப்டர்.

சுனிதாவின் மனத்தில் சட்டென்று ஒரு விளக்கு எரிந்தது. எது இரண்டாம் தரம் என்று நினைத்திருந்தோமோ, அதுவே விண்வெளிக்கு வாசலாக இருக்கிறதே! விண்வெளி வீராங்கனை ஆவது என்று முடிவு செய்தார். 1995-இல் பொறியியல் மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1998 ஜூன் மாதம், சைபான் என்ற கப்பலில் பணியில் இருந்தபோது, நாசா அவரைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தது.

மறுபடியும் கடலுக்குள்!

விண்வெளி வீரர்களுக்கு எங்கே பயிற்சி தருகிறார்கள் தெரியுமா? தண்ணீருக்குள்! ஹூஸ்டனில் 12 மீட்டர் ஆழத்தில், 2 கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும் ஒரு மாபெரும் நீச்சல் குளம் இருக்கிறது. அதற்குள் விண்வெளி நிலையத்தின் மாதிரியை மூழ்க வைத்திருக்கிறார்கள். வீரர்கள் விண்வெளி உடையை அணிந்து அதில் இறங்கி, ஆணி முடுக்கவும் மின் கம்பி இணைக்கவும் பழகுகிறார்கள். மூழ்காமலும் மிதக்காமலும் நீருக்குள் நிற்கும் நிலை, எடையற்ற நிலைக்கு ஓரளவு ஒத்திருக்கும் என்பதே காரணம்.

2002 மே மாதம் சுனிதா இன்னும் ஒரு படி போனார். புளோரிடா கடலுக்கு அடியில், சுமார் 19 மீட்டர் ஆழத்தில் 'அக்வாரியஸ்' என்ற ஆய்வுக்கூடம் இருந்தது. அதில் ஒன்பது நாள்கள் தங்கினார்! நம் முத்துப் பார்கள் இருப்பதும் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான். அங்கே இருப்பவர்கள் வேண்டும் என்றதும் மேலே வந்துவிட முடியாது. ஆழத்தின் அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழாகக் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகும். பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்த பிறகே வெளியே வர வேண்டும். பொறுமைக்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா?

பல் துலக்கும் பிரஷ் செய்த வேலை

2006 டிசம்பரில் 'டிஸ்கவரி' விண்வெளி ஓடத்தில் சுனிதா முதன்முறையாக விண்வெளிக்குச் சென்றார். பகவத் கீதை, சிறு பிள்ளையார் சிலை, சமோசா எல்லாம் கூடவே போயின! 2007 ஏப்ரலில் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டம் நடந்த அதே நாளில், விண்வெளி நிலையத்தில் இருந்த ஓட்டப் பொறியில் தம்மைப் பட்டைகளால் பிணைத்துக்கொண்டு முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். 195 நாள்கள் கழித்து, ஜூன் மாதம் பூமிக்குத் திரும்பினார்.

2012-இல் இரண்டாம் பயணம். அப்போதுதான் அந்தப் பிரஷ் சம்பவம் நடந்தது. நிலையத்தின் வெளியே, மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் பெட்டி ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. சுனிதாவும் ஜப்பானிய வீரர் அகிஹிகோ ஹோஷிடேயும் வெளியே சென்றார்கள். ஒரு மறை ஆணி இறுகவே இல்லை. அதன் துளைக்குள் உலோகத் துகள்கள் அடைத்திருந்தன. எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடிவிட்டு உள்ளே திரும்பினார்கள்.

பூமியில் இருந்த பொறியாளர்கள் யோசித்தார்கள். நிலையத்தில் இருக்கும் பொருள்களைக் கொண்டே துப்புரவுக் கருவிகள் செய்யச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று, பல் துலக்கும் பிரஷ்! செப்டம்பர் 5-ஆம் தேதி மறுபடி வெளியே சென்று, துளையைச் சுத்தம் செய்து, ஆணியை முடுக்கிவிட்டார்கள். சில ரூபாய் பெறும் பிரஷ், பல ஆயிரம் கோடி பெறும் நிலையத்துக்கு உதவியது!

விண்வெளியில் நடக்கும்போது வீரர்களை நிலையத்தோடு பிணைத்திருப்பது என்ன தெரியுமா? ஒரு பாதுகாப்புக் கயிறு! கூடவே, பூமியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முத்துக்குளிப்பவருக்குத் தோணியில் ஒருவர் போல.

அந்தப் பயணத்தில்தான் நிலையத்தின் தலைமைப் பொறுப்பும் சுனிதாவுக்குக் கிடைத்தது. அந்தப் பொறுப்பை ஏற்ற இரண்டாவது பெண் இவர்.

எட்டு நாள், 286 நாள் ஆன கதை

2024 ஜூன் 5. போயிங் நிறுவனத்தின் புதிய விண்கலமான 'ஸ்டார்லைனர்' முதன்முறையாக மனிதர்களுடன் புறப்பட்டது. ஓட்டிச் சென்றவர்கள் இருவர்: புட்ச் வில்மோர், சுனிதா. இருவருமே கடற்படையின் சோதனை விமானிகளாக இருந்தவர்கள். கலத்துக்குக் 'கலிப்சோ' என்று பெயர் வைத்தவர் சுனிதா. கடலாராய்ச்சியாளர் ழாக் கூஸ்தோவின் கப்பல் பெயர் அது. விண்வெளிக்குப் போகும்போதும் கடலை அவர் மறக்கவில்லை!

சுமார் எட்டு நாள்கள் தங்கித் திரும்புவது திட்டம். ஆனால் நிலையத்தை நெருங்கும்போது, கலத்தைத் திருப்பவும் நகர்த்தவும் உதவும் சிறு உந்து பொறிகளில் ஐந்து நின்றுபோயின. ஹீலியம் வாயுவும் கசிந்தது. எப்படியோ பத்திரமாக நிலையத்தில் இணைந்துவிட்டார்கள். திரும்பும்போது மறுபடி கோளாறு வந்தால்? வாரக்கணக்கில் சோதனைகள் நடந்தன. ஆகஸ்ட் 24-ஆம் தேதி நாசா முடிவைச் சொன்னது: ஸ்டார்லைனர் ஆள் இல்லாமல் திரும்பட்டும், இருவரும் 2025 பிப்ரவரி வாக்கில் வேறொரு கலத்தில் வரட்டும். அந்தப் பிப்ரவரியும் பிறகு மார்ச் ஆகிவிட்டது.

செப்டம்பரில் ஸ்டார்லைனர் காலியாகப் பூமிக்கு வந்து, ஒழுங்காகவே தரையிறங்கியது. "அப்படின்னா அதிலேயே வந்திருக்கலாமே!" என்றான் பேரன். வந்திருக்கலாம்தான். ஆனால் கலம் பத்திரமாக இறங்கும் என்று முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. இரண்டு உயிர்களை வைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று எடுத்த முடிவு அது. 2003-இல் நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை 'கொலம்பியா' விபத்தில் உலகம் இழந்ததை மறக்க முடியுமா?

சுனிதா என்ன செய்தார்? நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மற்ற வீரர்களோடு சேர்ந்து நிலையத்தின் வேலைகளைச் செய்தார். செப்டம்பரில் மீண்டும் தலைமைப் பொறுப்பை ஏற்றார். எடையற்ற நிலையில் எலும்பும் தசையும் மெலிந்துவிடும் என்பதால் தினமும் உடற்பயிற்சி செய்தார். 2025 ஜனவரியில் இரண்டு முறை வெளியே சென்று விண்வெளியில் நடந்தார். விருந்தாளியாகப் போனவர், வீட்டுக்காரராகவே மாறிவிட்டார்!

கடலில் வந்து இறங்கினார்

நானும் பேரனும் அந்தப் புள்ளியைப் பார்த்த சில வாரங்களில் அவர் திரும்பும் நாள் வந்தது. ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் 'டிராகன்' கலத்தில் நான்கு பேர் புறப்பட்டார்கள். நம் நேரப்படி 2025 மார்ச் 19 அதிகாலை 3.27 மணி. நான்கு பாராசூட்டுகள் விரிய, புளோரிடாவை ஒட்டிய கடலில் கலம் மெல்ல வந்து இறங்கியது. வரவேற்க யார் வந்தார்கள் தெரியுமா? டால்பின்கள்! கலத்தைச் சுற்றிச் சுற்றி நீந்தின.

பேரன் அந்த நேரத்துக்கு விழித்திருந்து டி.வி.யில் பார்த்தான். "கடல்ல ஆரம்பிச்சாங்க, கடல்லயே வந்துட்டாங்க தாத்தா!" என்று துள்ளினான்.

எண்களில் சுனிதா

• மூன்று பயணங்களில் விண்வெளியில் இருந்த நாள்கள்: 608

• விண்வெளி நடை: 9 முறை, 62 மணி 6 நிமிடம். பெண்களில் இதுவே அதிக நேரம் என்ற சாதனையை 2025 ஜனவரியில் படைத்தார்.

• கடைசிப் பயணத்தில் பூமியைச் சுற்றியது: 4,576 முறை

• பத்மபூஷண் விருது: 2008

• நாசாவிலிருந்து ஓய்வு: 2025 டிசம்பர்

நம் கடற்கரையும் விண்வெளியும்

சுனிதா அமெரிக்காவில் பிறந்தவர், அவர் கதை அந்த நாட்டில் நடந்தது என்று விட்டுவிடாதீர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே, நம் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் இங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென் திசையில் ஏவினால், இலங்கையின்மேல் பறக்காமல் இருக்க ராக்கெட் வளைந்து செல்ல வேண்டும். எரிபொருள் வீணாகும். நம் ஊரிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான்! சிறிய ராக்கெட்டுகளுக்கு இது பெரிய லாபம்.

இந்தியர்களை நம் சொந்தக் கலத்தில் அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு நான்கு விமானப்படை அதிகாரிகள் தேர்வாகியுள்ளனர். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் விண்வெளி நிலையத்துக்கே சென்று வந்துவிட்டார். ககன்யானும் கடலில்தான் இறங்கும். வீரர்களை மீட்டுவரும் பொறுப்பு நம் கடற்படைக்கு! அந்தக் கப்பலில் நிற்பவர்களில் ஒருவராக, அந்தக் கலத்துக்குள் இருப்பவராக, அவர்கள் பத்திரமாக இறங்கக் கணக்குப் போடுபவராக நாளை நீங்கள் இருக்கலாம்.

ஆமாம், என் பேரன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா?

அந்த விடியற்காலையில் வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் எதுவும் பேசவில்லை. மாலையில் பார்த்தால், காலில் தன்னைவிடப் பெரிய காப்புகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"தாத்தா, பந்து எங்கேயிருந்து வரும்னு எல்லாரையும்விட கோல் கீப்பருக்குத்தான் நல்லாத் தெரியுமாம். சார் சொன்னாங்க. ஒரு வாரம் நின்னு பார்க்கிறேன்" என்றான்.

ஒரு வாரம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். இன்னும் அங்கேதான் நிற்கிறான்!